முதலில் லைட்டைப் போடுங்கள்: யாழ். மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மாநகர முதல்வர், உறுப்பினர்கள், ஆணையாளர் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பிரதான வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் குடியிருக்கிறேன். வீட்டின் முன்பக்க அறைகளை வந்து போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அதனால் நகரத்தின் பாதுகாப்பு பற்றி வெளியார் கேட்கிற கேள்வியும் உள்ளூரார் கேட்கிற கேள்வியும் என் காதில்தான் விழும். வருகிறவர்கள் திறப்பைக் கையில் வாங்கும்போதே கேட்பது, "இரவில் இந்தப் பக்கம் நடந்து திரியலாமா?" என்று. ஒழுங்கைக்குள் இருக்கிற பெண் பிள்ளைகள் கேட்பது, "அக்கா, அந்த முடக்கு லைட் இன்னும் எரியவில்லையா?" என்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. சுற்றுலா, முதலீடு, நற்பெயர் என்று அதற்குப் பின்னால் பெரிய பெரிய சொற்கள் நிற்கின்றன. இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு பல்ப் மட்டும்தான் நிற்கிறது, அதனாலோ என்னவோ அது யாருடைய மேசைக்கும் போய்ச் சேருவதில்லை.

நகரம் மாறிவிட்டது, அதை யாரும் மறுக்க ஏலாது. 2014 இல் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது, 2023 இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித் தந்த பதினொரு மாடிக் கலாசார மையம் எழும்பி நிற்கிறது. ஆரியகுளத்தைச் சுற்றி இருந்து கதைக்க இடம் வந்துவிட்டது. கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதி, கண்டி வீதி எங்கும் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும். பகலில் கோட்டை வாசலில் நின்று பார்த்தால் தென்னிலங்கை நம்பர் பஸ்கள் வரிசைக்கு நிற்கும், நயினாதீவுக்குப் போய் வருகிற சனம் படம் பிடித்துக்கொண்டிருக்கும். ஆடி ஆவணியில் கனடாவும் இலண்டனும் சுவிஸும் இங்கேதான்.

இவ்வளவும் பகல் கதை. இரவு எட்டு மணிக்குப் பெரியகடைப் பக்கம் போய்ப் பாருங்கள். கடைகள் இறங்கிவிடும், வைத்தியசாலை வீதியில் மருந்துக் கடைகளும் ஒன்றிரண்டு சாப்பாட்டுக் கடைகளும் திறந்திருக்கும், அதைத் தாண்டிப் பிரதான வீதிப் பக்கம் திரும்பினால் நாய்கள்தான். நகரத்தின் நடுப்பகுதி இப்படி வெறிச்சோடிப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது உங்களில் நரைத்த தலைகளுக்கு நன்றாகத் தெரியும். 1990 இல் மின்சாரம் போனது, வருடக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம், சமைத்தோம், பிள்ளை பெற்றோம். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் ஊரடங்கு. பொழுதுபட்டால் படலையைப் பூட்டு என்பது ஒரு தலைமுறைக்கே எலும்பில் ஊறிய பழக்கம். சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சனம் உள்ளே போய்விடுவதால் ரோட்டு வெறிச்சோடுகிறது, ரோட்டு வெறிச்சோடுவதால் மிச்சம் இருக்கிற சனமும் உள்ளே போகிறது. இந்த வளையத்தை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும், அந்த இடம் வீதி விளக்கு என்பதுதான் என் கட்சி.

பாதுகாப்பு என்று யாராவது வாய் திறந்தால் உடனே வருகிற பேச்சு கமராவும் பொலிஸ் ரோந்தும். வாள்வெட்டுச் செய்தி ஒன்று பத்திரிகையில் வந்த மறுநாள் இந்தப் பேச்சு இன்னும் கூடும். வாள்வெட்டு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆவா குழு என்ற வாள்வெட்டுக் கும்பலின் பெயர் யாழ்ப்பாணத்தைப் பற்றி வேறெதுவும் தெரியாத ஆட்களுக்கும் தெரியும், என்னிடம் அறை பதிவு செய்வதற்கு முன் அதைக் கேட்கிற கொழும்பு ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் செய்திகளைக் கொஞ்சம் கவனமாக வாசித்தால் தெரியும், பெரும்பாலும் ஒருவரையொருவர் தெரிந்த ஆட்கள், பழைய பகை, காசுத் தகராறு, மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டு மதிலை உடைத்துவிட்டுப் போகிற வேலை. இரண்டு நாள் தங்கி நல்லூரும் கோட்டையும் பார்த்துவிட்டு ஐஸ்கிறீம் குடித்துவிட்டுப் போகிற ஒருவருக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற கிழவிக்குத்தான் அதன் பயம் முழுவதும். (பயணிகள் உண்மையில் பயப்படுவது எதற்கு என்று கேட்டால் முதலிடம் கட்டாக்காலி நாய்களுக்கு, இரண்டாமிடம் இருட்டில் ரோட்டு நடுவில் படுத்திருக்கிற மாடுகளுக்கு. சிரிக்காதீர்கள், மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு அந்த மாடு வாளைவிட ஆபத்து.)

இனி ரோந்து. இதைச் சொல்லும்போது கொஞ்சம் நேரே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் மனம் நோகக் கூடாது. முடக்கில் துவக்கோடு இரண்டு பேர் நின்றால் வெளியிலிருந்து வருகிறவர் "அப்பாடா, காவல் இருக்கிறது" என்று மூச்சு விடுவார். எங்கள் ஒழுங்கைப் பெடியன் அதே இரண்டு பேரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கத்தால் போவான். அவன் ஏதும் குற்றம் செய்தவன் இல்லை. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் போன பல்கலைக்கழக மாணவர்களைப் பொலிஸ் சுட்ட சம்பவத்தில் இருவர் இறந்தது அவனுக்குத் தெரியும். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போன இளைஞன் இறந்ததும் தெரியும். தாய் தகப்பன் சொல்லி 1981 இல் நூலகம் எரிந்த கதையும் தெரியும். இவ்வளவையும் தலையில் வைத்திருக்கிற ஒருவனிடம் காக்கிச் சட்டையைக் காட்டி "இனிப் பயப்படாதே" என்றால் எப்படி? ஒரே ஆளைப் பார்த்து ஒருவர் நிம்மதியடைகிறார், மற்றவர் ஒதுங்குகிறார். நகரத்தின் பாதுகாப்பைத் திட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். பொலிஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சங்கிலி அறுத்தவனைப் பிடிக்கப் பொலிஸ்தான் வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, பெண் ஒருத்தி போனால் பெண் உத்தியோகத்தர் ஒருவர் கதைக்கிற பொலிஸ் வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று சட்டத்தில் எழுதி எத்தனை காலம்!

ஆனால் அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதைக் கதைப்போம்.

நல்லூர்த் திருவிழாவை நடத்துகிற ஆட்களில் நீங்களும் ஒருவர். இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றின வீதிகளை மறிக்கிறீர்கள், லைட் போடுகிறீர்கள், தண்ணீர், கழிப்பறை, துப்பரவு எல்லாம் செய்கிறீர்கள். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்து வருகிற பெண்ணை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேரன்று விடியப்புறம் மூன்று மணிக்கு, நான்கு மணிக்கு ஈரத் தலையோடு சனம் நடந்து வரும், குழந்தைகள் வரும், பிரதட்டை பண்ணுகிறவர்கள் மணலில் உருண்டு வருவார்கள். ஐஸ்கிறீம் கடை, கச்சான் கடை, வளையல் கடை. அதே பருத்தித்துறை வீதி, அதே ஊர், அதே பெடியள். திருவிழா முடிந்து வைரவர் மடைக்கு அடுத்த கிழமை அதே வீதியில் எட்டரைக்கு நடந்து பாருங்கள். கள்ளர் கூடவில்லை, நல்லவர் குறையவில்லை. சொல்லப்போனால் சங்கிலி அறுக்கிறவர்கள் திருவிழாவில்தான் அதிகம், அதற்குத்தான் ஒலிபெருக்கியில் ஓயாமல் அறிவித்தல். ஆனாலும் சனம் பயப்படாமல் வருகிறது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் ஒன்றுக்குப் போக ஓர் இடமும் இருந்தால் யாழ்ப்பாணம் இரவில் நடக்கும் என்பதை வருடா வருடம் நீங்களே செய்து காட்டுகிறீர்கள், பிறகு பந்தலோடு சேர்த்து அதையும் கழற்றி லொறியில் ஏற்றிவிடுகிறீர்கள்.

லைட் கதைக்கு வருகிறேன். எங்கள் முடக்கு விளக்கு அணைந்ததும் நான் ஒரு அலுவலகத்துக்குப் போனேன், அந்தக் கம்பம் தங்களுடையது இல்லை என்றார்கள். மற்ற அலுவலகத்துக்குப் போனேன், கம்பம்தான் தங்களுடையது, பல்ப் தங்களுடையது இல்லை என்றார்கள். வீதி யாருடையது என்று ஒருவர் என்னிடமே கேட்டார்! மாநகர சபை வீதி, வீதி அபிவிருத்தி அதிகாரசபை வீதி, மின்சார சபைக் கம்பம் என்று பிரித்து வைத்திருப்பது உங்களுக்குள் கணக்குப் பார்க்க உதவும், இருட்டில் நடக்கிறவளுக்கு அதனால் என்ன? ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் இலக்கம் எழுதுங்கள், அந்த இலக்கத்தைச் சொன்னால் யார் பார்ப்பது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ள ஒரே ஒரு தொலைபேசி எண் போடுங்கள். அந்த எண்ணை எடுக்கிறவர் பின்னேரம் நான்கரைக்குப் பிறகும் எடுக்க வேண்டும், ஏனென்றால் விளக்கு அணைந்தது பகலில் யாருக்கும் தெரியாது. இன்னொன்று, நீங்கள் போடுகிற விளக்கெல்லாம் ரோட்டு நடுவுக்குத்தான் அடிக்கிறது. வாகனத்துக்கு முன் லைட் இருக்கிறது, நடக்கிறவர்களுக்குத்தான் இல்லை. வேப்ப மரக் கொப்பு விளக்கை மூடி நிற்கிற இடங்களில் கீழே அரை இருட்டு. அந்த அரை இருட்டில்தான் மூடியில்லாத வடிகால் வாய் திறந்து கிடக்கும். கால் முறிந்தால் வாள்வெட்டுப் போல அது செய்தியில் வராது, வைத்தியசாலைப் பதிவில் "விழுந்தது" என்று மட்டும் இருக்கும்.

பிரதான வீதிப் பக்கமும் சோனக தெரு, ஐந்துசந்திப் பக்கமும் இன்னொரு பிரச்சினை, ஆளில்லாத வளவுகள். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் வெளிநாட்டில். அந்தப் பக்கத்தில் 1990 ஒக்டோபரில் ஒரு சில மணி நேரத்துக்குள் முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேற்றிய காயம், திரும்பி வந்தவர்களுக்கு நடுவில் இன்னும் வராத வீடுகளின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. திரும்பி வந்து வீடு கட்டிக் குடியிருக்கிற ஒரு பெண் பள்ளிவாசல் பக்கமிருந்து வீட்டுக்குப் போவதற்கு இரண்டு பக்கமும் பற்றைக்கு நடுவில் நடக்க வேண்டியிருந்தால், அவள் திரும்பி வந்தது நமக்கு உண்மையில் சந்தோஷம்தான் என்று எதை வைத்து நம்புவாள்? பற்றை என்பது உங்களுக்குப் புதிய விஷயம் இல்லை. டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்பு இருக்கிறது என்று கடிதம் கொடுக்கிறாரே, அதே ஆள், அதே கடிதம், பற்றைக்கும் கொடுக்கலாம். இரவில் அதற்குள் இருந்து ஐஸ், மாவா என்று போதை போடுகிறார்கள் என்று ஊர் முழுக்கக் கதை, பற்றையை வெட்டுவதற்கு மட்டும் ஆளில்லை.

பண்ணைக் கடற்கரை பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் நகரத்தில் பொழுதுபட்ட பிறகும் குடும்பமாகச் சனம் வந்து இருக்கிற ஒரு சில இடங்களில் அது ஒன்று. காற்று வாங்குவார்கள், சோளம் தின்பார்கள், வயோதிபர்கள் நடப்பார்கள், பெடியள் கிற்றார் அடிப்பார்கள். சோடிகளும் இருப்பார்கள். இந்தச் சோடிகளைப் பற்றித்தான் எங்கள் ஊருக்குப் பெரிய கவலை. கலாசாரம் கெட்டுவிட்டதாம், படம் எடுத்துப் போடுகிறார்கள், கலைக்கிறார்கள், சில நேரம் யார் என்றே தெரியாத ஆட்கள் வந்து அடையாள அட்டை கேட்கிறார்கள்! சோடியைக் கலைப்பதைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த இரண்டு பேரும் அங்கே இருப்பதால் பக்கத்தில் நடக்கிற அம்மாவுக்கு இரண்டு கண் கூட. அவர்களைக் கலைத்தால் அவர்கள் இருட்டான இடத்துக்குப் போவார்கள், கடற்கரையும் இருட்டும். படம் எடுத்து மிரட்டுகிறவனைப் பிடியுங்கள், அவன்தான் குற்றவாளி. அதுபோலத்தான் அங்கே தள்ளுவண்டியில் விற்கிற ஆட்களும். நடைபாதை வியாபாரம் என்று சொல்லி அவர்களைத் துரத்துகிற நாளில் அங்கே எரிகிற பாதி வெளிச்சமும் போய்விடும். குப்பை போட்டால் தண்டம் எழுதுங்கள், இடத்தை ஒழுங்காகக் கோடு போட்டுக் கொடுங்கள், ஆளை எழுப்பாதீர்கள்.

முற்றவெளியும் அதே சுற்றில்தான் இருக்கிறது. 2024 பெப்ரவரி 9 அன்று அங்கே ஹரிஹரன் இசை நிகழ்ச்சியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காசு கட்டியவர்களுக்கு ஒரு பக்கம், கட்டாதவர்களுக்கு ஒரு பக்கம், நடுவில் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் யாரும் எதிர்பாராத அளவு சனம். தடுப்பு உடைந்தது, நிகழ்ச்சியை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. மறுநாள் எல்லோரும் ஏறி மிதித்தது யாழ்ப்பாணத்துப் பெடியளைத்தான், ஒழுக்கம் இல்லை, பண்பாடு இல்லை என்று. நான் கேட்கிறேன், எத்தனை பேர் கொள்ளும், எத்தனை வாசல், வெளியேறுகிற வழி எது, தடுப்பு எவ்வளவு பலம் என்று அனுமதி கொடுக்கும்போது யாராவது பார்த்தார்களா? அந்த வெளியின் கரையில்தான் 1974 ஜனவரி 10 இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் இறந்தவர்களின் நினைவுத் தூண் நிற்கிறது. பொலிஸ் கூட்டத்துக்குள் புகுந்து, சூடு, அறுந்து விழுந்த மின்கம்பி. இந்தக் கதையும் அந்தக் கதையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், அது பாவம். ஆனால் பெருங்கூட்டமும் மின் வயரும் அவசரப்பட்ட காவலும் ஒரே வெளியில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் யாழ். மாநகர சபைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அப்போது இரவில் வீதியில் யார் நிற்பது? சபையின் சொந்த ஆட்கள் நிற்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். இதை எழுதும்போதே உங்களுக்கு 2021 ஏப்ரல் ஞாபகம் வரும். குப்பை போடுகிறவர்களையும் வெற்றிலை துப்புகிறவர்களையும் பிடிக்க ஐந்து ஊழியர்களுக்கு இளநீலச் சட்டை போட்டு விட்டது மாநகர சபை. அந்தச் சட்டை புலிகளின் காவல்துறைச் சீருடை போல இருக்கிறது என்று அப்போதைய முதல்வர் மணிவண்ணனையே பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைது செய்தது, பிறகு பிணையில் வந்தார். துப்பலுக்குத் தண்டம் எழுதப் போன ஐந்து பேர் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாகிவிட்டார்கள்! அந்த அனுபவத்துக்குப் பிறகு யாரும் இந்தப் பக்கம் கை வைக்கப் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் பிழைத்தது சட்டையின் நிறம்தான், யோசனை இல்லை. சட்டையே வேண்டாம், மழைக்கோட்டு போல மஞ்சள் மேலங்கி ஒன்று போதும், முதுகில் சபையின் பெயர். ஆயுதம் இல்லாத, தமிழ் கதைக்கிற, கொஞ்சம் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த ஆட்கள், பாதிப் பேர் பெண்கள், குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் வேலை தேடுகிற பெண்களுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிலையம், ரயில் நிலையம், பண்ணை, அவ்வளவுதான் எல்லை. வழி கேட்டால் சொல்வது, விளக்கு எரியாவிட்டால் இலக்கத்தைக் குறிப்பது, ரியூசன் விட்டு வருகிற பிள்ளைக்குச் சேட்டை விடுகிறவன் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பது, அடிதடி என்றால் 119 ஐ அழைப்பது. இதற்குத் துவக்கு எதற்கு?

பஸ் நிலையம் என்றதும் ஒரு கோபம் வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். கொழும்பு இரவு பஸ்கள் விடியப்புறம் நாலு, நாலரை, ஐந்து என்று வந்து இறக்கும். அந்த நேரம் இறங்குகிற ஒரு பெண், அவள் சுற்றுலாப் பயணியோ, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) காரியம் இருந்து வருகிற வன்னிக்காரியோ, போதனா வைத்தியசாலையில் தகப்பனைப் பார்க்க வருகிறவளோ, முதலில் தேடுவது கழிப்பறையை. பிறகு இருக்க ஒரு வாங்கு. பிறகு நியாயமான கூலிக்கு ஒரு ஓட்டோ. இந்த மூன்றும் வெளிச்சத்தில், ஒன்றுக்கொன்று கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் அவளுக்கு யாழ்ப்பாணம் பாதுகாப்பான ஊர். இல்லாவிட்டால் நீங்கள் பதினொரு மாடி கட்டினாலும் இருபது மாடி கட்டினாலும் அவள் விடியும்வரை பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள். என்னிடம் தங்குகிறவர்களில் தனியாக வருகிற பெண்களுக்கு நான் முன்கூட்டியே தெரிந்த ஓட்டோத் தம்பி ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிடுவேன். என்னிடம் தங்காதவர்களுக்கு யார் கொடுப்பது? தூர இடப் பஸ்களுக்குத் தனி நிலையம் கட்டியும், எந்தப் பஸ் எங்கிருந்து புறப்படுவது என்ற இழுபறியில் நடுவில் மாட்டுப்படுவது எப்போதும் இந்தப் பயணிதான்.

இனிக் கமரா. போடுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் போடுவதற்கு முன் மூன்று விஷயத்தைச் சபையில் எழுத்தில் வையுங்கள்: படத்தை இருந்து பார்ப்பது யார், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், எந்தப் பிரிவு கேட்டால் கொடுப்பீர்கள். நினைவேந்தலுக்கு விளக்கேற்றப் போகிறவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரையும் வீட்டுக்கு வந்து விசாரிக்கிற ஊர் இது, இங்கே கமரா யாரைப் பார்க்கும் என்ற கேள்வி சும்மா எழுகிற கேள்வி இல்லை. எழுத்தில் வைத்துவிட்டால் நானே என் படலைக்கு மேல் ஒன்று பூட்ட இடம் தருகிறேன்.

வரப்போகிற பாதீட்டில் பாதுகாப்பு என்ற பெயரில் எந்தத் தொகையை ஒதுக்கினாலும் முதல் செலவாக இவற்றை எழுதுங்கள்: பிரதான வீதியிலிருந்து பண்ணை வரைக்கும் நடப்பவர்களுக்கான விளக்கு, அந்தப் பாதை முழுக்க வடிகாலுக்கு மூடி, பஸ் நிலையக் கழிப்பறைக்கு இரவு பகல் இரண்டு முறை ஆட்கள், அதில் இரவு முறைக்குக் கட்டாயம் ஒரு பெண். சபைக் கூட்டத்தில் இது விவாதத்துக்கு வருகிற திகதியை முன்கூட்டியே அறிவித்தால், எங்கள் ஒழுங்கையிலிருந்தும் ஐந்துசந்தியிலிருந்தும் குருநகரிலிருந்தும் பெண்கள் பார்வையாளர் பக்கத்தில் வந்து இருப்போம். கூட்டத்தைப் பின்னேரம் வைக்கிறதானால் முடிந்து வீடு போக லைட் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிரதான வீதிக்குப் பின் ஒழுங்கையில் வரி கட்டிக் குடியிருக்கும் ஒருத்தி